மகன் ஆலயத்துக்கு வராவிட்டால் தகப்பன் பொறுப்புக்குத் தகுதியற்றவனா?

வாசகர் கேள்வி, 16 ஜூன் 2024, பிற்பகல்

இன்று எங்கள் சபையில் தந்தையர் ஞாயிறு. ஆராதனை முடிந்ததும் தகப்பன்மார் அனைவரையும் முன்னே அழைத்து ஆளுக்கொரு பேனா கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது மூத்த அங்கத்தினர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, வரும் சேகரக் கமிட்டித் (வட்டாரச் சபைகளின் நிர்வாகக் குழு) தேர்தலில் நான் நிற்பது முறையல்ல என்றார். காரணம் என் மகன். அவனுக்கு வயது 24. பெங்களூரில் வேலை பார்க்கிறான். படிப்பு முடிந்த பிறகு எந்த ஆலயத்துக்கும் போவதில்லை. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தாலும் திருவிருந்தில் பங்குபெறுவதில்லை. "ஒருவன் தன் சொந்தக் குடும்பத்தை நடத்த அறியாதிருந்தால், தேவனுடைய சபையை எப்படி விசாரிப்பான்?" என்ற வசனத்தை அந்தப் பெரியவர் எடுத்துச் சொன்னார். நான் தோற்றுப்போன தகப்பன்தானா?

பதில், 16 ஜூன், இரவு

பெரியவர் சொன்ன வசனம் 1 தீமோத்தேயு 3:5. அது வேதத்தில் இருக்கிறது. ஆகவே அவரை நொந்துகொண்டு கடந்துவிட முடியாது. ஆனால் அந்த வசனத்திலிருந்து அவர் வந்து சேர்ந்த முடிவை நான் ஏற்கவில்லை.

பிள்ளைகள் தவறிப்போன தகப்பன்மார் இருவர் 1 சாமுவேல் புத்தகத்தின் முதல் எட்டு அதிகாரங்களுக்குள்ளேயே வருகிறார்கள். ஆசாரியன் ஏலியின் மகன்கள் ஓப்னியும் பினெகாசும் பலியிடும் இறைச்சியை மக்களிடமிருந்து பலவந்தமாக எடுத்தார்கள். ஆசரிப்புக் கூடாரத்தின் வாசலிலேயே ஒழுக்கக்கேடாக நடந்தார்கள். தீர்க்கதரிசி சாமுவேலின் மகன்கள் யோவேலும் அபியாவும் பெயெர்செபாவில் நியாயாதிபதிகளாக இருந்துகொண்டு பரிதானம் (லஞ்சம்) வாங்கி நியாயத்தைப் புரட்டினார்கள். ஏலியின் வீட்டின்மேல் நியாயத்தீர்ப்பு வந்தது. சாமுவேலையோ அவருடைய மகன்களின் பொருட்டு கர்த்தர் ஒரு வார்த்தையும் கடிந்துகொண்டதாக எழுதப்படவில்லை. பிள்ளை எங்கே போய்ச் சேர்ந்தான் என்பதுதான் தகப்பனை அளக்கும் அளவுகோல் என்றால், இருவருக்கும் ஒரே தீர்ப்பு வந்திருக்க வேண்டும். ஏலியின்மேல் சொல்லப்பட்ட குற்றம் 3:13இல் தெளிவாக இருக்கிறது: அவர் அறிந்திருந்தார், அறிந்திருந்தும் அடக்கவில்லை.

உங்கள் மகனிடம் நீங்கள் பேசினீர்களா என்பதுதான் என் முதல் கேள்வி. அவன் என்ன பதில் சொன்னான் என்பது இரண்டாவது.

17 ஜூன்

"ஏலி மகன்களைக் கண்டித்தாரே" என்று ஓர் அன்பர் கேட்டிருக்கிறார். கண்டித்தார்தான், 2:23 முதல் வாசித்தால் தெரியும். ஆனால் எப்போது என்பதைப் பாருங்கள். அவர் மிகவும் கிழவனாகி, இஸ்ரவேலர் எல்லாரும் வந்து முறையிட்ட பிறகுதான் வாயைத் திறந்தார். பேசினதோடு நிறுத்தியும் கொண்டார். ஊழியத்திலிருந்து அவர்களை விலக்கும் அதிகாரம் அவர் கையில் இருந்தது. அதை அவர் தொடவே இல்லை. ஜனங்களின் காணிக்கையில் பிரதானமானதைத் தின்று "உங்களைக் கொழுக்கப்பண்ணும்படிக்கு" என்று கர்த்தர் சொல்லும்போது தகப்பனையும் அந்தப் பந்தியில் சேர்த்தேதான் சொல்லுகிறார். ஏலி சாகும்போது பருத்த உடம்புள்ளவராக இருந்தார் என்று 4:18 குறிப்பிடுகிறது. மகன்கள் அபகரித்த இறைச்சி எந்த வீட்டு அடுப்பில் வெந்தது என்று நான் ஓய்வுநாள் பள்ளியில் ஒருமுறை கேட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள், பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பெற்றோர் சிரிக்கவில்லை.

இன்னொன்றையும் சேர்த்து யோசிக்க வேண்டும். சிறுவன் சாமுவேலை வளர்த்தவரும் இதே ஏலிதான். இரவில் மூன்று முறை எழுந்து வந்த பிள்ளையிடம் எரிச்சல்படாமல், அவனைக் கூப்பிடுகிறவர் கர்த்தர் என்று உணர்ந்து, எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார். ஊரார் பிள்ளைக்கு நல்ல தகப்பனாகவும் சொந்தப் பிள்ளைக்குப் பேசத் தவறிய தகப்பனாகவும் ஒரே மனிதர் ஒரே கூரையின்கீழ் இருந்திருக்கிறார். ஓய்வுநாள் பள்ளி ஆசிரியராக இருக்கும் எனக்கு இந்த அதிகாரம் வசதியான வாசிப்பு அல்ல.

18 ஜூன், காலை

தாவீது ராஜாவையும் சேர்க்கச் சொன்னவருக்கு: தன்னை எதிர்த்துக் கலகம் செய்து மாண்ட மகன் அப்சலோமுக்காக அவர் அழுத அழுகையை எல்லாரும் பிரசங்கிக்கிறார்கள். அதைவிட 1 இராஜாக்கள் 1:6 எனக்கு முக்கியமாகத் தெரிகிறது. அரியணையைக் கைப்பற்றப் பார்த்த அதோனியாவைப் பற்றி, "நீ இப்படிச் செய்வானேன்" என்று அவன் தகப்பன் அவனை ஒருக்காலும் கடிந்துகொள்ளவில்லை என்று அங்கே எழுதியிருக்கிறது. அது ஒரு கேள்வி, அவ்வளவுதான். அடி அல்ல, சாபம் அல்ல, சொத்தில் பங்கில்லை என்ற மிரட்டலும் அல்ல. மகன் அம்னோன் தன் சகோதரி தாமாரைக் கெடுத்த கொடுமையைக் கேட்டபோது தாவீது மிகவும் கோபங்கொண்டார் என்று 2 சாமுவேல் 13:21 சொல்லுகிறது. ஆனால் கோபங்கொண்டதற்கு மேல் அவர் எதுவும் செய்ததாக இல்லை. அந்த மௌனத்தை இரண்டு ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருந்த, தாமாரின் கூடப்பிறந்த அப்சலோம் தானே தீர்ப்பு எழுதி அம்னோனைக் கொன்றான்.

18 ஜூன், இரவு

தீத்து 1:6ஐ எடுத்துக்காட்டி என்னை மடக்கியவர் நியாயமாகத்தான் மடக்கியிருக்கிறார். தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபம் கீழ்ப்படிதலைப் பற்றி மட்டும் பேசுகிறது. தீத்துவுக்கு எழுதியதிலோ, மூப்பனாக ஏற்படுத்தப்படுகிறவன் "விசுவாசமுள்ள பிள்ளைகளை" உடையவனாக இருக்கவேண்டும் என்றே இருக்கிறது. இதை மழுப்ப நான் விரும்பவில்லை. இருந்தாலும் அந்த வசனம் துன்மார்க்கரென்றும் அடங்காதவர்களென்றும் பேரெடுத்த பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறது. ஊரே அறிந்த சீர்கேட்டை வீட்டிற்குள் வைத்துக்கொண்டு சபைக்குப் புத்தி சொல்ல வருகிறவனைத் தடுக்கிறது. தன் சம்பாத்தியத்தில் தனியாக வாழ்ந்து, ஒழுங்காக வாடகை கொடுத்து, தகப்பனிடம் மரியாதையாகப் பேசி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆலயத்துக்குப் போகாமல் இருக்கும் 24 வயது இளைஞனை அந்த வரிசையில் நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்: இந்த இடத்தில் என் வாதம் நான் விரும்பும் அளவுக்குப் பலமானதல்ல.

20 ஜூன்

பேனாவைப் பற்றி. தகப்பன்மாருக்குப் பேனாவும் அன்னையர் ஞாயிற்றில் தாய்மாருக்கு எவர்சில்வர் டப்பாவும் கொடுக்கும் வழக்கத்தை ஆரம்பித்தவர் எங்கள் பக்கத்திலும் இருந்திருக்கிறார். எழுதுவது யார், சமைப்பது யார் என்பதைச் சபை முடிவு செய்துவிட்டது போலிருக்கிறது.

சபைச் சீர்திருத்தத் தலைவர் மார்ட்டின் லூதர் 1522இல் திருமண வாழ்வைப் பற்றி எழுதியபோது, தகப்பன் குழந்தையின் மலத்துணியைத் துவைப்பதைக் கண்டு ஊரார் அவனைக் கேலி செய்தாலும், தேவன் தம் தூதர்களோடு மகிழ்ந்து புன்னகை செய்கிறார் என்றார். எழுதும்போது அவருக்கே திருமணம் ஆகவில்லை, 1525இல்தான் ஆனது. ஆறு பிள்ளைகள் பிறந்த பிறகும் இந்தக் கருத்தை அவர் மாற்றிக்கொண்டதாகத் தெரியவில்லை என்பது அவருக்குப் பெருமைதான். மத்திய அரசு ஊழியருக்குத் தகப்பனுக்கான விடுப்பு இன்றும் 15 நாள்கள். குழந்தை கழுத்து நிற்கக்கூட அது போதாது.

23 ஜூன், ஞாயிறு

குடும்ப ஜெபத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். என் தகப்பனார் மிஷன் பள்ளியில் தலைமையாசிரியர். இரவு எட்டு மணிக்குப் பாய் விரிக்கப்படும்; ஒரு பாமாலை, ஓர் அதிகாரம், ஒரு ஜெபம், கடைசியில் கர்த்தருடைய ஜெபம். அவர் வேதத்தை விளக்கியதே இல்லை. வம்ச வரலாறு வந்தாலும் ஒரு பெயரையும் விடாமல் வாசிப்பார். எனக்கு அது அலுப்பாக இருந்தது. நான் தகப்பனானால் விளக்கிச் சொல்லுவேன் என்று முடிவு செய்திருந்தேன். அப்படியே செய்தேன். விளைவு என்னவென்றால், என் பிள்ளைகளுக்குக் குடும்ப ஜெபம் என்பது அப்பாவின் இரண்டாவது வகுப்பறையாக ஆகிவிட்டது. அன்றைக்கு யார் என்ன தப்பு செய்தார்களோ அதற்கேற்ற வசனம் அன்றிரவு அகப்பட்டுவிடும். என் மகள் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது, "அப்பா, இன்னைக்கு யாருக்கு?" என்று கேட்டாள். அதன் பிறகு கொஞ்ச காலம் நான் வெறுமனே வாசித்தேன். என் தகப்பனார் எவ்வளவு அடக்கத்தோடு வாயை மூடிக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் புலப்பட்டது.

உபாகமம் 6:7 இதையேதான் சொல்லுகிறது என்று இப்போது நினைக்கிறேன். வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும் பேசச் சொல்லுகிறது. ஒரு நாளுக்குரிய எல்லாவற்றையும் எட்டு மணிக்குச் சேர்த்துவைத்துக் கொட்டச் சொல்லவில்லை. என் மகனோடு நான் உண்மையாகப் பேசிய பேச்சுகள் பெரும்பாலும் பேருந்து நிலையத்தில் நடந்தவை. அவனுடைய வண்டி தாமதமாக வந்த நாள்களுக்காக நான் நன்றி செலுத்தியிருக்கிறேன்.

25 ஜூன்

பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான் என்ற நீதிமொழியை எடுத்து வைத்தவருக்கு. பள்ளியில் ஆசிரியர் பிள்ளையை அடிப்பதை 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் தடை செய்துவிட்டது. வீட்டில் மட்டும் அது வேத ஒழுங்கு என்று நிற்பவர்கள் நம்மிடையே நிறைய உண்டு. அடியின் ருசியை நானும் அறிந்தவன்தான். அதனால் கெட்டுப்போனேன் என்று சொல்ல மாட்டேன், அதனால்தான் உருப்பட்டேன் என்று சொல்லவும் மனம் இல்லை. லூதர் பிள்ளைப்பருவத்தில் தன் தகப்பனிடம் வாங்கிய ஓர் அடியைப் பற்றிப் பின்னாளில் சொல்லியிருக்கிறார்: அந்த அடியினால் அவர் தகப்பனைக் கண்டாலே விலகி ஓடினார், மகனைத் திரும்பத் தன்னிடம் பழக்கிக்கொள்ளத் தகப்பன் பாடுபட வேண்டியிருந்தது. பிரம்பின் பக்கத்தில் ஆப்பிளும் இருக்க வேண்டும் என்று அவர் பிற்பாடு சொன்னதற்குப் பின்னால் அந்த நினைவும் இருந்திருக்கும் என்று எண்ணுகிறேன். 1530இல் கோபர்க் கோட்டையில் தங்கியிருந்தபோது, நான்கு வயது மகன் ஹான்சுக்கு ஓர் அழகான தோட்டத்தைப் பற்றி அவர் கடிதம் எழுதினார். ஜெபம் செய்து பாடம் படிக்கும் பிள்ளைகளுக்கு அங்கே பழங்களும் சிறு குதிரைகளும் உண்டு. அவருடைய மகள் மக்தலேனா 1542இல் 13ஆம் வயதில் இறந்தபோது அவர் உடைந்துபோனார்.

எபேசியர் 6:4 நம் காதில் மென்மையாக விழுகிறது. அது எழுதப்பட்ட ரோமப் பேரரசில், ரோமச் சட்டப்படி மகன் வளர்ந்து தலைநரைத்தாலும் தகப்பனின் அதிகாரத்துக்குள்ளேயே இருந்தான். அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்குக் கீழ்ப்படியச் சொல்வதில் புதுமை எதுவும் இல்லை. தகப்பன்மாரைப் பார்த்து, பிள்ளைகளைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று சபை நடுவில் வாசிக்கச் செய்ததில்தான் புதுமை. கொலோசெயர் 3:21 காரணத்தையும் சேர்க்கிறது: "திடனற்றுப்போகாதபடி." என் அனுபவத்தில் திடனற்றுப்போன பிள்ளை எதிர்த்துப் பேசுவதில்லை. எல்லாவற்றுக்கும் "சரிப்பா" என்கிறது.

28 ஜூன்

ஊழியக்காரர் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி ஒருவர் எழுதியது கடுமையாக இருந்தாலும் பொய் அல்ல. ஆப்பிரிக்க மிஷனரி டேவிட் லிவிங்ஸ்டன் 1852இல் மனைவியையும் பிள்ளைகளையும் கேப் டவுனிலிருந்து பிரிட்டனுக்கு அனுப்பிவிட்டு ஆப்பிரிக்காவின் உட்பகுதிக்குப் போனார். மூத்த மகன் ராபர்ட் பின்னாளில் அமெரிக்க உள்நாட்டுப் போரில் வேறொரு பெயரில் சிப்பாயாகச் சேர்ந்து, சிறைப்பட்டு, 1864இல் வட கரோலினாவில் 18 வயதில் இறந்தான். பகல் முழுவதும் போதித்துக் களைத்து, மாலையில் பிள்ளைகளோடு விளையாடத் தெம்பில்லாமல் போனதைப் பற்றி லிவிங்ஸ்டனே வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். கமிட்டிக் கூட்டம், அசனப் பண்டிகை ஏற்பாடு, கன்வென்ஷன் பந்தல் என்று மாலைகளைக் கொடுத்துவிட்ட நம் ஊர்த் தகப்பன்மார் யாரும் ஆப்பிரிக்காவுக்குப் போகவில்லை. நாம் தெருக்கோடி வரைதான் போனோம்.

கேள்வி கேட்டவருக்கு ஒன்று: தேர்தலில் நிற்கலாமா என்று என்னைக் கேட்கிறீர்கள். நிற்கலாம் என்பேன். ஆனால் வாரத்தில் எத்தனை மாலைகளை அது எடுத்துக்கொள்ளும் என்பதையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் இன்னும் படிக்கிற மகள் இருப்பதாக எழுதியிருந்தீர்கள்.

30 ஜூன், ஞாயிறு

தஞ்சாவூரில் பணியாற்றிய ஜெர்மானிய மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயரைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று இருந்தது. அவர் மணம் செய்துகொள்ளவில்லை. 1787இல் துளஜா மன்னர் தாம் சுவீகாரம் எடுத்த சிறுவன் சரபோஜியை அவருடைய பாதுகாப்பில் ஒப்புவித்தார். அரண்மனைப் பகையிலிருந்து அந்தப் பிள்ளையைக் காத்து, கல்விக்கு வழிசெய்து, அவனுடைய உரிமைக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் வாதாடியவர் அவர். அவரே திருநெல்வேலியிலிருந்து இன்னொரு சிறுவனையும் தஞ்சைக்கு அழைத்துப்போய் வளர்த்தார். அந்தச் சிறுவன்தான் பிற்பாடு வேதநாயகம் சாஸ்திரியார், நம் சபைகளில் இன்றும் பாடப்படும் கீர்த்தனைகளின் ஆசிரியர். வளர்த்தவர் ஒருவரே. வேதநாயகம் சுவிசேஷக் கவிராயர் ஆனார். சரபோஜி தம் முன்னோரின் சமயத்திலேயே கடைசிவரை இருந்தார். 1798இல் ஷ்வார்ட்ஸ் இறந்த பிறகு மன்னர் சரபோஜி சிற்பி ஃபிளாக்ஸ்மனைக் கொண்டு சலவைக்கல் நினைவுச் சின்னம் செய்வித்தார். தஞ்சைக் கோட்டை ஆலயத்தில் அதை இன்றும் பார்க்கலாம். ஆங்கிலத்தில் தாமே எழுதிய இரங்கல் வரிகளில் அவரை அநாதைகளின் தகப்பன் என்று அழைத்தார்.

சரபோஜியின் விஷயத்தில் ஷ்வார்ட்ஸ் தோற்றார் என்று சொல்லத் துணிகிறவர் இருந்தால் கையை உயர்த்தட்டும். வேதநாயகத்தின் விஷயத்தில் ஜெயித்தார் என்று சொல்லவும் எனக்குத் தயக்கம் உண்டு; விசுவாசம் வளர்த்தவனின் சம்பாத்தியமா என்ன?

3 ஜூலை

தகப்பன் இல்லாமல் வளர்ந்த ஒரு சகோதரி, இந்த உரையாடல் முழுவதும் தம்மை வெளியே நிறுத்துகிறது என்று எழுதியிருக்கிறார். குடிகாரத் தகப்பனிடம் வளர்ந்தவர்களுக்கு "எங்கள் பிதாவே" என்று ஜெபிப்பதே கடினம் என்றும் சொல்லியிருக்கிறார். உண்மை. அவர்களிடம் போய் பூலோகத் தகப்பனைப் பார்த்துப் பரலோகத் தகப்பனைப் புரிந்துகொள் என்று பிரசங்கிப்பது கொடுமை. சங்கீதம் 27:10 தாயும் தகப்பனும் கைவிட்ட பிள்ளையின் வாயிலிருந்து தொடங்குகிறது. தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றிப் பவுல் எழுதும்போது பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும்தான் பெயர் சொல்லுகிறார். தகப்பன் கிரேக்கன் என்பதற்கு மேல் நமக்கு எதுவும் சொல்லப்படவில்லை. சொந்தக் குடும்பத்தை நடத்த அறியாதவனைப் பற்றிய அந்த வசனம் எழுதப்பட்டது இந்தத் தீமோத்தேயுவுக்குத்தான் என்பதை மூத்த அங்கத்தினர் கவனிக்க வேண்டும்.

7 ஜூலை, ஞாயிறு

ஏலிக்கும் சாமுவேலுக்கும் இடையில் நான் கிழித்த கோட்டைப் பற்றி இரண்டாவது யோசனை. சாமுவேலும் மகன்களுக்குத் தாமே பதவி கொடுத்தவர்தான். மூப்பர்கள் வந்து முறையிட்ட பிறகே விஷயம் வெளிப்படுகிறது. அவர் அவர்களைக் கடிந்துகொண்டதாகவும் எழுதப்படவில்லை. அப்படியிருக்க, அவர் பேசினார், ஏலி பேசவில்லை என்று எளிதாகப் பிரிக்க முடியாது. 1 சாமுவேல் 12:2இல் தம் முதுமையைச் சொல்லி, "என் குமாரர் உங்களோடிருக்கிறார்களே" என்கிறார். அவர்கள் பதவியை இழந்து சாதாரண ஜனங்களோடு நிற்கிறார்கள் என்று சிலர் வாசிக்கிறார்கள், அவர் இன்னும் அவர்களுக்காக வாதாடுகிறார் என்று வேறு சிலர் வாசிக்கிறார்கள். நான் முதலாவது வாசிப்பின் பக்கம் சாய்கிறேன், ஏனென்றால் அடுத்த வசனத்திலேயே அவர் தம் கைகள் சுத்தமா என்று சபையைக் கேட்கிறார். நான் யார் கையில் பரிதானம் வாங்கினேன் என்கிறார். மகன்கள் செய்த அதே குற்றத்தைப் பெயர் சொல்லி, தமக்கு அதில் பங்கில்லை என்று காட்டுகிறார். ஏலியால் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க முடியாது. கோடு அங்கேதான் விழுகிறது என்று இப்போது சொல்லுவேன்.

14 ஜூலை

கேள்வி கேட்டவர் தனிச்செய்தியில் எழுதியதை அவர் அனுமதியோடு சொல்லுகிறேன். மகன் ஊருக்கு வந்திருந்தபோது, ஏன் போவதில்லை என்று முதல்முறையாகக் கேட்டிருக்கிறார். கல்லூரி நாள்களில் சபைக்குள் நடந்த ஒரு தேர்தல் சண்டையைக் கண்டு மனம் விட்டுப்போனதாக மகன் சொன்னானாம். தகப்பன் மறுத்துப் பேசவில்லை. அந்தச் சண்டையில் தாமும் ஒரு பக்கம் நின்றவர். இந்த முறை வேட்புமனு கொடுத்திருக்கிறார், மகனிடம் சொல்லிவிட்டே கொடுத்திருக்கிறார். "சண்டை போடாம நின்னா சரிப்பா" என்பது மகனுடைய நிபந்தனை. மூத்த அங்கத்தினர் இவருக்கு வாக்களிக்கப் போவதில்லை என்று நேரிலேயே சொல்லிவிட்டார். அதுவும் அவருடைய உரிமை.

15 ஜூலை

சாமுவேலின் மகன் யோவேலின் கதை அதோடு முடிந்ததா என்று கேட்டவருக்கு: இல்லை. 1 நாளாகமம் 6:33ஐப் பாருங்கள். தாவீது நியமித்த பாடகர்களின் தலைவனான ஏமான், யோவேலின் மகன், சாமுவேலின் பேரன். பரிதானம் வாங்கியவனின் வீட்டிலிருந்து ஆலயப் பாடகன் வந்தான். இதை எடுத்துக்கொண்டு பேரப்பிள்ளை கட்டாயம் திரும்பி வருவான் என்று யாரும் வாக்குத்தத்தம் வழங்கிவிட வேண்டாம். எழுதியிருப்பது ஏமானின் வரலாறு மட்டுமே. அவனுக்குப் பதினான்கு குமாரரும் மூன்று குமாரத்திகளும் இருந்தார்கள் என்றும், எல்லாரும் தகப்பனுடைய வசத்திலிருந்து கைத்தாளம், தம்புரு, சுரமண்டலங்களோடு பாடினார்கள் என்றும் 25ஆம் அதிகாரம் சொல்லுகிறது. அந்த வீட்டுக் குடும்ப ஜெபத்துக்கு அக்கம்பக்கத்தார் என்ன சொன்னார்கள் என்பதுதான் எழுதப்படவில்லை.